பாட்டு முதல் வந்தது, பேர் கடைசியா வந்தது

படம் வரமுதல் பாட்டு வாறது எங்களுக்குப் புதுசில்லை. ஃபெர்ஸ்ட் சிங்கிள், செக்கண்ட் சிங்கிள், லிரிக் வீடியோ என்று ஒவ்வொண்டா இறக்கி, படம் தியேட்டருக்கு வரேக்குள்ள பாட்டு பஸ்ஸிலயும் ஓட்டோவிலயும் ஓடித் தேய்ஞ்சு போயிருக்கும். படம் படுத்தாலும் பாட்டு தப்பிடும். ஹொலிவூட்டிலயும் இந்த மாதிரி ஒரு கதை இருக்கு. 1952ஆம் ஆண்டுக் கதை. ஒரு கௌபோய் படம், அதற்கு ஒரு தலைப்புப் பாட்டு. படத்தைக் காப்பாத்தினது அந்தப் பாட்டுத்தான் என்று இசையமைப்பாளர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்தின் பெயர் 'ஹை நூன்'. உச்சி நேரம்.

நாங்கள் கொஞ்சப் பேர் மாதத்தில் ஒரு பழைய படம் போட்டுப் பார்த்து, பிறகு அதைப் பற்றிக் கதைக்கிறனாங்கள். ஆரம்பத்தில் ஏழு பேர். இப்ப இஞ்ச இருக்கிறது நாலு பேர். மற்ற மூண்டு பேரும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தராக வெளிநாடு போயிட்டினம், போனில்தான் சேருவினம். இதை ஏன் சொல்லுறம் என்றால், இந்தப் பாட்டை வைத்து எங்களுக்குள் வந்த சண்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு.

முதல் கதையைச் சொல்லுவம். ஹாட்லிவில் என்று ஒரு சின்ன ஊர். அங்க மார்ஷலாக இருக்கிற வில் கேன் (கேரி கூப்பர்) பதவியை விட்டுவிட்டு, அண்டைக்குத்தான் கல்யாணம் முடிச்ச எமியோடு (கிரேஸ் கெல்லி) ஊரை விட்டு வெளிக்கிடுகிறார். அந்த நேரம் பார்த்துச் செய்தி வருகிறது. அவர் பிடித்துச் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி, மத்தியான ரயிலில் வாறான். அவனுடைய கூட்டாளிகள் மூண்டு பேர் ஸ்டேஷனில் காத்திருக்கினம். கேன் போன வழியிலேயே வண்டிலைத் திருப்பிக்கொண்டு வருகிறார். பிறகு உதவி கேட்டு வீடு வீடாக, சலூனுக்கு, தேவாலயத்துக்கு என்று அலைகிறார். ஒருத்தரும் வரவில்லை. படத்தில் ஓடும் நேரமும் நாங்கள் பார்க்கும் நேரமும் ஏறக்குறைய ஒண்டுதான். 85 நிமிடம். சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கு.

இப்ப பாட்டுக்கு வருவம். அந்தக் காலத்துப் படங்கள் பெரிய வாத்தியக் குழுவோடு, தாரை தப்பட்டை அடிச்சுத்தான் தொடங்கும். இது அப்படித் தொடங்கவில்லை. ஒரு கிட்டார், ஒரு அக்கோர்டியன், குதிரை நடை போல 'தொக் தொக்' என்று ஒரு தாளம். அதுக்கு மேலால் ஒரு கரகரத்த ஆண் குரல். கல்யாண நாளில் என்னை விட்டிட்டுப் போகாதே என்று தன் துணையிடம் கெஞ்சுகிறது. ஆனால் திரையில் தெரிகிறவர் கெஞ்சுகிறவர் இல்லை. ஒரு மரத்தடியில் சிகரெட்டோடு காத்திருக்கிற ஒரு ரவுடி. அவனோடு இன்னும் இரண்டு பேர் வந்து சேருகினம். மூண்டு பேரும் ஊருக்குள்ளால் குதிரையில் போகினம். ஒரு வயதான பெண் பயத்தில் சிலுவை போடுகிறா. ஒரு வசனமும் இல்லை. கொல்ல வாறவங்களைப் பார்த்துக்கொண்டு, சாகப்போகிறவனின் மனதைக் கேட்கிறம். பாடுகிறது ஆர் என்று அந்த நேரம் எங்களுக்குத் தெரியாது.

சிகரெட்டோடு நிண்ட அந்த ரவுடி லீ வான் கிளீஃப். இதுதான் அவருடைய முதல் படம். படம் முழுக்க அவருக்கு ஒரு வசனமும் இல்லை. பதினாலு வருசத்துக்குப் பிறகு 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'யில் அந்த 'பேட்' இவர்தான். அதின் விசில் இசை தெரியாத ஆள் எங்கட வயதில் குறைவு.

குரல் டெக்ஸ் ரிட்டருடையது. டெக்சஸ்காரர். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் குதிரையில் இருந்து பாட்டுப் பாடும் கௌபோய் நாயகனாகப் பல படம் நடித்தவர். வரிகளை எழுதியவர் நெட் வாஷிங்டன். டிஸ்னியின் 'பினோக்கியோ'வில் நட்சத்திரத்தைப் பார்த்து ஆசைப்படும் அந்தப் பாட்டையும் அவர்தான் எழுதினவர். இசை டிமிட்ரி டியோம்கின்.

டியோம்கினைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். இண்டைய உக்ரைனில், கிரெமென்சூக் என்ற ஊரில் 1894இல் பிறந்தவர். சென் பீட்டர்ஸ்பேர்க்கில் மேலைத்தேயச் செவ்வியல் இசை படித்தவர். ஊமைப்படங்களுக்குத் தியேட்டரில் பியானோ வாசித்தவர். புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போய், பேர்லின், பாரிஸ் என்று திரிந்து, 1925இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். கடைசி வரைக்கும் அவருடைய ஆங்கிலத்தில் ரஷ்ய வாடை போகவில்லை. ஒரு ரஷ்யன் எப்படிக் கௌபோய் இசை எழுதலாம் என்று கேட்டவர்களுக்கு, புல்வெளி எங்க இருந்தாலும் புல்வெளிதானே என்ற மாதிரிப் பதில் சொல்லுவாராம். படத்தை இயக்கிய ஃபிரெட் சின்னமன் இன்னொரு குடிபெயர்ந்தவர். வியன்னாவில் வளர்ந்த யூதர். அவருடைய தாய் தகப்பன் இருவரும் நாசிகளின் இன அழிப்பில் கொல்லப்பட்டவர்கள். 'அசல் அமெரிக்கப் பாட்டு' என்று உலகம் நம்பும் ஒண்டுக்குப் பின்னால் ஊர் விட்டு ஊர் வந்த ஆட்கள் இவ்வளவு பேர்.

டியோம்கின் செய்த வேலை ஒரு பாட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினதோடு முடியவில்லை. படத்தின் மற்ற இசை முழுக்க அந்த ஒரே மெட்டில் இருந்துதான் கிளம்புகிறது. கேன் தனியாகத் தெருவில் நடக்கும்போது ரிட்டரின் குரலில் ஒரு துண்டு வரும். கேன் ஒரு கதவைத் தட்டி ஏமாந்து திரும்பும்போது அதே மெட்டு தளர்ந்து போய் வரும். வயலின்களை ஒதுக்கி, தாழ்ந்த சுருதி வாத்தியங்களை வைத்தே அதிகம் எழுதியிருக்கிறார். அதாலதான் வெயில் அடிக்கும் படம் இருண்டு போய்க் கேட்கிறது.

எல்லாம் சேரும் இடம் ஒண்டு இருக்கு. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன். கேன் மேசையில் இருந்து உயில் எழுதுகிறார். ஊசல் ஆடுகிறது. தேவாலயத்துச் சனம், சலூன் சனம், ஸ்டேஷனில் காத்திருக்கும் மூண்டு பேர், வெறும் தண்டவாளம், மில்லர் ஒருகாலம் இருந்த வெறும் கதிரை. ஒவ்வொரு காட்சியும் தாளத்தின் அடிக்குச் சரியாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கு. தொடக்கத்தில் குதிரை நடையாகக் கேட்ட தாளம் இங்க மணிக்கூட்டு அடியாக மாறி, கூடிக் கூடி வந்து, சட்டென்று நிற்கிறது. தூரத்தில் ரயில் கூவுகிறது. அந்த இடத்தில் எங்கட அறையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. போனில் இருந்தவையும் சத்தமில்லை.

படம் முடிய எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இந்தப் பாட்டு முழுக் கதையையும் முதல் மூண்டு நிமிசத்திலேயே சொல்லிப்போட்டுதே. பிறகு என்னத்துக்குப் படம்?"

நியாயமான கேள்வி. கல்யாணம், சிறையில் இருந்து வாற எதிரி, மத்தியான ரயில், தனிய நிற்க வேண்டிய ஆள் என்று எல்லாம் பாட்டில் இருக்கு. ஆனால் திரையில் வில் கேன் இப்படி ஒருக்காலும் கதைக்கிறதில்லை. எமி போறன் என்று சொல்லும்போது அவர் கெஞ்சவில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கிறார். 'எனக்குப் பயமா இருக்கு, நீயும் போனால் நான் என்ன செய்யிறது' என்பது அவர் வாயில் வராது. பாட்டில்தான் வரும். எங்கட அப்பாமார் சிலரைப் போல. கதைக்க மாட்டினம், தனிய இருக்கேக்குள்ள ஒரு பழைய பாட்டை முணுமுணுப்பினம். நாங்கள் அதைக் கேட்டுத்தான் உள்ளுக்குள்ள என்ன நடக்குது என்று விளங்கிக்கொள்ளவேணும்.

இனி வெளியீட்டுக் கதை. இதை டியோம்கின் 1959இல் வெளிவந்த தன் சுயசரிதையில் சொல்லுகிறார். படத்தை வெளியிடமுதல் பத்திரிகைக்காரருக்குப் போட்டுக் காட்டினார்களாம். படம் தேறாது என்று எல்லாரும் கைவிட்டார்களாம். அப்ப அவர் பாட்டின் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டு, ஃபிராங்கி லேன் என்ற பிரபல பாடகரைப் பிடித்து கொலம்பியா நிறுவனத்தில் இசைத்தட்டாகப் போட்டாராம். தட்டு பிய்ச்சுக்கொண்டு போக, அதின் வேகத்தில் படமும் ஓடினதாம். சொந்தக் காசில் சூது விளையாடி வென்ற கதை மாதிரி அழகாக இருக்கு.

திரைப்பட வரலாற்றாளர்கள் இதை அப்படியே விழுங்கவில்லை. படத்தைக் காப்பாத்தினது நான்தான் என்று சொல்ல வேறு ஆட்களும் இருக்கினம். வெட்டி ஒட்டிய எல்மோ வில்லியம்ஸ், மணிக்கூட்டையும் நேரத்தையும் வைத்துத் தான் படத்தைத் திருத்தியதாகச் சொன்னார். இல்லை, மணிக்கூடு முதலில் இருந்தே திரைக்கதையில் இருந்தது என்பது மற்றப் பக்கம். வெற்றி என்று வந்தால் தகப்பன்மார் கனபேர் வருவினம்.

எது எப்படியோ, இசைத்தட்டு வெற்றி உண்மை. 1952 கோடையில் ஃபிராங்கி லேனின் தட்டு அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 5ஆம் இடம் வரை ஏறினது. படத்தில் பாடிய ரிட்டருடைய தட்டு 12ஆம் இடத்தோடு நிண்டுவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கோ. லேன் மேடையில் நிண்டு ஆயிரம் பேருக்குப் பாடுகிறார். ரிட்டர் ஒரு ஆளுக்குப் பாடுகிறார். கடையில் வித்தது லேன். படத்துக்குள் நிற்க வேண்டியது ரிட்டர். சனம் தியேட்டருக்கு வரேக்குள்ள லேனின் குரலைக் காதில் வைத்துக்கொண்டு வந்து, இருட்டுக்குள் அதே பாட்டு இவ்வளவு தனிமையாகக் கேட்டதும் திகைச்சிருக்கும் என்று நாங்கள் நினைக்கிறம்.

1953 மார்ச் 19. முதன்முதலாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட ஒஸ்கார் விழா. ரிட்டர் மேடையில் பாட்டைப் பாடினார். சிறந்த பாட்டு, சிறந்த இசை என்று இரண்டு விருது. கூப்பருக்குச் சிறந்த நடிகர், வெட்டி ஒட்டியவர்களுக்கு ஒண்டு. மொத்தம் நாலு. சிறந்த திரைக்கதைக்குப் பெயர் போயிருந்தது, கிடைக்கவில்லை. அந்தத் திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன் அப்ப அமெரிக்காவில் இல்லை.

இந்த இடத்தில்தான் எங்களுக்குப் பாட்டு வேற மாதிரிக் கேட்கத் தொடங்கினது.

1951 செப்டெம்பரில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, ஃபோர்மன் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுவுக்கு முன்னால் அழைக்கப்பட்டார். கொம்யூனிஸ்டுகளைத் தேடி ஹொலிவூட்டைக் கிண்டிக்கொண்டிருந்த குழு. அவர் முன்பு கட்சியில் இருந்தவர். குழுவுக்கு வேண்டியது கூட இருந்தவர்களின் பெயர்கள். அவர் ஒரு பெயரும் கொடுக்கவில்லை. கனகாலத் தொழில் கூட்டாளியாக இருந்த தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர் அவரோடு உறவை முறித்துக்கொண்டார். துணைத் தயாரிப்பாளர் என்ற அவருடைய பெயர் படத்தில் வரவில்லை. திரைக்கதைக்கான பெயர் மட்டும் மிஞ்சினது. தெருவில் கண்டால் மற்றப் பக்கத்தால் போன நண்பர்களையும், சாட்டுச் சொன்னவர்களையும் அவர் ஹாட்லிவில் சனமாக எழுதினார். கதவைத் தட்டிய கேனுக்கு, வீட்டில் ஆள் இல்லை என்று மனிசியைக் கொண்டு சொல்லுவிக்கிறவர் ஒருத்தர் இருக்கிறார். அந்தக் காட்சி கற்பனையில் மட்டும் வந்திருக்காது.

1952இல் ஃபோர்மன் இங்கிலாந்து போய்விட்டார். அந்த வருசம் நவம்பரில்தான் பிரித்தானியாவின் முதலாவது பாட்டுப் பட்டியல் வெளியானது. அதில் ஃபிராங்கி லேனின் 'ஹை நூன்' இருந்தது. கைவிடாதே என்று கெஞ்சும் பாட்டு, கைவிடப்பட்டவர் போய் ஒதுங்கிய நாட்டின் வானொலியில்.

ஒஸ்கார் இரவில் கூப்பர் வரவில்லை. அவருக்காக மேடையேறி விருதை வாங்கியவர் ஜோன் வெய்ன். கறுப்புப் பட்டியலுக்கு முன்னின்ற அமைப்பின் தலைவர். அதே வெய்ன் 1971இல் ஒரு பேட்டியில் 'ஹை நூன்' அமெரிக்காவுக்கு எதிரான படம் என்றும், ஃபோர்மனை நாட்டை விட்டுத் துரத்த உதவியதற்காக வருந்தவில்லை என்றும் சொன்னார். படத்துக்குப் பதிலடியாக ஹோவர்ட் ஹோக்ஸும் வெய்னும் 1959இல் 'ரியோ பிராவோ' எடுத்தார்கள். அதற்கு இசை ஆர்? டியோம்கின்தான். அவருக்கு வேலை வேலைதான்.

பாட்டு மட்டும் செழிச்சது. 'ஹை நூன்' வென்ற பிறகு கௌபோய் படம் எடுத்தவர்கள் தலைப்புப் பாட்டு இல்லாமல் வரமாட்டம் என்று நிண்டார்கள். 1957இல் 'கன்ஃபைட் அட் தி ஓ.கே. கொரல்': அதே டியோம்கின், அதே வாஷிங்டன், அதே லேன். 1959இல் 'ரோஹைட்' தொலைக்காட்சித் தொடர்: திரும்பவும் அதே மூவர். கடைசியில் 1974இல் மெல் புரூக்ஸ் இந்த வழக்கத்தையே நக்கலடித்து 'பிளேசிங் சாடில்ஸ்' எடுத்தபோது, பாடுவதற்கு லேனையே பிடித்தார். அது நக்கல் படம் என்று லேனுக்குச் சொல்லவில்லை. அந்த மனிசன் உயிரைக் கொடுத்துப் பாடினார். அதாலதான் அந்தப் பாட்டு இவ்வளவு நல்லா இருக்கு.

இப்ப எங்கட சண்டைக்கு வருவம். நாட்டை விட்டுப் போன எங்கட சிநேகிதன் ஒருத்தன் போனில் சொன்னான்: "இது போறவையைக் குத்துற பாட்டு. நிக்கிறவன் வீரன், போறவன் கோழை எண்டு சொல்லுது. எனக்குப் பிடிக்கேல்லை."

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. இஞ்ச இருக்கிறவர்களுக்குள்ளும் அந்தக் கதை இல்லாமல் இல்லை. ஆர் போகினம், ஆர் நிற்கினம், ஆருக்கு விசா வந்தது என்று எங்கட வயதில் எல்லாச் சிநேகிதத்துக்கும் நடுவில் அது இருக்கு. ஒருத்தன் போனால் மற்றவனுக்கு நெஞ்சுக்குள் ஒரு கணக்கு ஓடும்.

ஆனால் படத்தைத் திரும்ப யோசித்துப் பார்த்தம். கேனைக் கைவிட்டது ஆர்? ஊரில் நிண்டவர்கள். கைவிட்டவர்களில் நீதவான் மட்டும்தான் மூட்டை கட்டிக்கொண்டு போனார். மற்ற எல்லாரும் அங்கேயே, தங்கள் வீட்டிலேயே, தேவாலய வாங்கிலேயே இருந்துகொண்டு கைவிட்டவை. திரும்பி வந்தது ஆர்? ரயிலுக்கு ரிக்கற் எடுத்து, ரயிலிலும் ஏறி இருந்த எமி. வெடிச் சத்தம் கேட்டு இறங்கி ஓடி வருகிறா. துவக்கே கூடாது என்ற நம்பிக்கையுள்ள குவேக்கர் பெண், கடைசியில் அவ துவக்கைத் தூக்கினபடியால்தான் கேன் உயிரோடு நிற்கிறார். எல்லாம் முடிய, கேன் மார்ஷல் நட்சத்திரத்தைக் கழட்டி மண்ணில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை கதைக்காமல் எமியோடு ஊரை விட்டுப் போகிறார். பாட்டு கேட்டது ஊரை விட்டுப் போகாதே என்று இல்லை. என்னை விட்டுப் போகாதே என்று. ஊரில் இருந்துகொண்டே ஆளைக் கைவிடலாம். தூரப் போயும் கைவிடாமல் இருக்கலாம். எழுதிய ஃபோர்மனே போனவர்தானே. அவர் ஒருத்தரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

சிநேகிதன் இதை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. "அப்ப போன மாதம் நான் எடுத்த கோலுக்கு ஏன் ஒருத்தரும் ஆன்சர் பண்ணேல்லை?" என்று கேட்டான். அந்தக் கேள்வி அப்படியே கிடக்கு.

கடைசியாக ஒரு விசயம், எங்கட நாட்டோடு சம்பந்தப்பட்டது. கித்துல்கலவுக்கு ஆற்றில் றாஃப்டிங் போனவர்கள் எங்களுக்குள்ளயே இருக்கினம். அங்கதான் 'தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் க்வாய்' (1957) எடுத்தது. களனி கங்கைக்குக் குறுக்கே கட்டி வெடி வைத்துத் தகர்த்த பாலத்தின் அடித்தளம் இப்பவும் இருக்கு. அந்தப் படத்தின் திரைக்கதையை எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் கார்ல் ஃபோர்மன். மற்றவர் மைக்கேல் வில்சன். இரண்டு பேரும் கறுப்புப் பட்டியலில் இருந்தபடியால் படத்தில் பெயர் போடவில்லை. நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூலின் பெயரைப் போட்டார்கள். அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. ஒஸ்கார் அவருடைய பெயருக்குப் போனது. வில்சன் 1978இல் இறந்தார், ஃபோர்மன் 1984இல் இறந்தார். அதற்குப் பிறகுதான் விருது அவர்களுடைய மனைவிமாரின் கைக்கு வந்தது.

அந்தப் படத்திலும் ஒரு பாட்டுத்தான் உலகம் சுற்றினது. கைதிகள் விசிலடித்துக்கொண்டு நடக்கும் மெட்டு. அதை இசைத்தட்டாகப் போட்டு வித்தவர் மிட்ச் மில்லர். ஃபிராங்கி லேனின் 'ஹை நூன்' வந்தபோது கொலம்பியாவில் பாட்டுத் தெரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரும் அவரே.

'ஹை நூன்' பாக்கப் போறவர்களுக்கு ஒண்டு சொல்லுறம். லேனின் தட்டை முதல் கேட்காதேங்கோ. படத்தைப் போட்டு, முதல் மூண்டு நிமிசம் ஒருத்தரும் கதைக்காமல் இருந்து ரிட்டரைக் கேளுங்கோ. பாட்டு ஓடிக்கொண்டிருக்கேக்குள்ளேயே திரையில் பெயர்கள் வரும். திரைக்கதை என்று போட்டு ஒரு பெயர் வரும். அதை வாசியுங்கோ.